மஞ்சள் தொண்டைச் சிட்டு

பள்ளிக்கு விடுமுறை விட்டால் போதும், கொய்யா மரத்தில் நல்ல கவட்டைக் கிளையாகப் பார்த்து வெட்டி, பழைய சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டி, உண்டிவில் செய்து கொண்டு தோட்டம் தோட்டமாகத் திரிந்தவர்கள் உங்கள் தாத்தா காலத்தில் நிறையப் பேர் உண்டு. திருப்பூர் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஓணான், அணில், குருவி என்று எதையும் விடாமல் குறி பார்த்த கதையைச் சொல்வார்கள்.

அப்படி வேட்டையில் ஆசை வைத்த ஒரு சிறுவனின் கதைதான் இது. பெரியவனானதும் நாடே பேசும் வேட்டைக்காரன் ஆக வேண்டும் என்பது அவனுடைய கனவு. நாடு அவனைப் பற்றிப் பேசியது உண்மை. ஆனால் வேட்டைக்காரன் என்று அல்ல. இந்தியாவின் பறவை மனிதர் என்று! அவர்தான் சலீம் அலி.

கடைக்குட்டி

1896-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி மும்பையில் பிறந்தார் சலீம் அலி. பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயும் போய்விட்டார். அண்ணன், அக்காக்களோடு இந்தக் குழந்தையையும் தாய்மாமன் அமிருதீன் தாயப்ஜியும் அத்தை ஹமீதா பேகமும் எடுத்து வளர்த்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. மும்பையின் கேத்வாடி பகுதியில் இருந்த அவர்களுடைய வீட்டில் குழந்தைகள் கூட்டம் எப்போதும் கலகலவென்று இருக்கும்.

மாமாவுக்கு வேட்டையில் ஈடுபாடு அதிகம். அந்தக் காலத்தில் வசதி உள்ளவர்களுக்கு வேட்டை என்பது ஒரு பொழுதுபோக்கு. ராஜாக்கள், வெள்ளைக்கார அதிகாரிகள், ஜமீன்தார்கள் எல்லாரும் துப்பாக்கியோடு காட்டுக்குப் போவார்கள். சுட்டது தப்பு என்று சொல்ல அன்று பெரிதாகச் சட்டமும் இல்லை.

சிறுவன் சலீமுக்கு மாமா ஒரு சிறிய ஏர்கன் கொடுத்தார். அவ்வளவுதான். வீட்டுத் தோட்டத்திலும் குதிரை லாயத்திலும் அவன் வேட்டை ஆரம்பமாகிவிட்டது. வேட்டைக்கதைப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தான். அதே சமயம், சமையலுக்காகச் சந்தையில் இருந்து உயிரோடு வாங்கி வரும் காடை, கௌதாரிகளில் சிலவற்றைக் காப்பாற்றிக் கூண்டில் வளர்க்கவும் செய்தான். சுடுவதும் வளர்ப்பதும் ஒரே பையன்தான்! பறவை என்றால் அவனுக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையை எந்தப் பக்கம் திருப்புவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

ஏழு நாளில் எட்டுக் குருவி

சலீமுக்குப் பத்து வயது இருக்கும்போது நடந்தது இது.

லாயத்துச் சுவரில் ஒரு பொந்து. அதற்குள் ஒரு பெண் சிட்டுக்குருவி அடைகாத்துக் கொண்டிருந்தது. வெளியே ஓர் ஆணி. அதன் மேல் ஆண் குருவி காவலாக உட்கார்ந்திருந்தது. நிறுத்தியிருந்த வண்டிக்குப் பின்னால் பதுங்கிக் கொண்டு சலீம் அந்த ஆண் குருவியைச் சுட்டான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், அதே இடத்தில் வேறோர் ஆண் குருவி! பெண் குருவி புதுத் துணையைத் தேடிக் கொண்டுவிட்டது. அதையும் சுட்டான். இன்னொன்று வந்தது. இப்படி ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள் ஒரே இடத்தில் விழுந்தன.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்தப் பையன் இன்னொன்றும் செய்தான். நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதி வைத்தான். தன்னுடைய வேட்டைத் திறமைக்குச் சாட்சியாகத்தான் அன்று அவன் அதை எழுதினான். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குறிப்பை எடுத்துப் பார்த்தபோது, அவருக்கு வேறொன்று தெரிந்தது. துணையை இழந்த பெண் குருவி எவ்வளவு சீக்கிரம் இன்னொரு துணையைச் சேர்த்துக் கொள்கிறது என்பதைக் காட்டும் நல்ல அறிவியல் குறிப்பு அது! அவர் அதை அச்சிலும் வெளியிட்டார்.

பார்த்ததைப் பார்த்தபடி அன்றே எழுதி வைக்கும் இந்தப் பழக்கம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

கழுத்தில் ஒரு மஞ்சள் பொட்டு

1908-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு நாள். வழக்கம் போல ஒரு குருவி விழுந்தது. கையில் எடுத்துப் பார்த்த சலீமுக்கு ஆச்சரியம். பார்ப்பதற்குப் பெண் சிட்டுக்குருவி மாதிரியே இருந்தது. ஆனால் தொண்டையில் மஞ்சள் கறை பட்டது போல ஒரு பொட்டு! இது என்ன குருவி? சாப்பிடக் கூடிய பறவைதானா?

நேராக மாமாவிடம் ஓடினான். அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி அனுப்பிவிடாமல், மாமா ஒரு நல்ல காரியம் செய்தார். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பி வைத்தார். 1883-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கழகம் அது. பறவைகள், விலங்குகள், செடிகொடிகள் பற்றி ஆராய்கிறவர்கள் அங்கே கூடுவார்கள். மாமாவும் அதில் ஓர் உறுப்பினர்.

இறந்த குருவியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக் கொண்டு சலீம் போனான். அந்த நாளில் வெள்ளைக்காரர் என்றாலே சிறுவர்களுக்கு உதறல். தயங்கித் தயங்கித்தான் உள்ளே போனான். மில்லார்டோ அன்பாகப் பேசினார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுமே அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. அலமாரிகளைத் திறந்து, பதப்படுத்தி வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். நூற்றுக்கணக்கான பறவைகள்! ஒவ்வொன்றின் காலிலும் ஒரு சீட்டு. எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் சேகரித்தது என்று அதில் எழுதியிருந்தது.

நம் நாட்டில் இத்தனை வகைப் பறவைகளா! சலீமுக்குத் தலை சுற்றியது. மில்லார்டு அவனுக்குப் பறவைகளைப் பற்றிய புத்தகங்களைப் படிக்கக் கொடுத்தார். இறந்த பறவையின் தோலைக் கெடாமல் உரித்துப் பதப்படுத்தும் வேலையைக் கற்றுக் கொள்ளவும் ஏற்பாடு செய்தார்.

அன்று வரை பறவை என்றால் சலீமுக்குக் குறி. அன்று முதல் பறவை என்றால் கேள்வி.

படிப்பும் பர்மாவும்

சலீம் வகுப்பில் முதல் மாணவன் அல்ல. கணக்கு என்றால் அவனுக்கு வேப்பங்காய். பதின்மூன்று வயது வாக்கில் அடிக்கடி கடுமையான தலைவலி வந்து படிப்பு தடைப்பட்டது. எப்படியோ 1913-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறினான். கல்லூரியில் சேர்ந்தும் படிப்பைத் தொடர முடியவில்லை.

குடும்பத்துக்குப் பர்மாவில் சுரங்கத் தொழிலும் மர வியாபாரமும் இருந்தன. (இன்றைய மியான்மர் நாடுதான் அன்றைய பர்மா.) அந்த வேலையைக் கவனிக்க சலீமை அனுப்பினார்கள். சுற்றிலும் அடர்ந்த காடு. தொழிலைக் கவனித்த நேரத்தை விடப் பறவைகளைக் கவனித்த நேரம்தான் அதிகம் இருக்கும்! சத்தமில்லாமல் நடப்பது, காற்றடிக்கும் திசையைப் பார்த்து நிற்பது, ஒரே இடத்தில் அசையாமல் காத்திருப்பது, தடங்களைப் படிப்பது போன்ற வேட்டைக்காரரின் திறமைகள் எல்லாம் அந்தக் காட்டில் அவருக்கு நன்றாகக் கைவந்தன. பின்னாளில் பறவைகளைக் கவனிக்க இவையே அவருக்கு உதவின.

1917-ஆம் ஆண்டு மும்பை திரும்பி வணிகக் கல்வி படித்தார். காலையில் ஒரு கல்லூரியில் கணக்குப் பதிவியல். பிறகு செயின்ட் சேவியர் கல்லூரியில் விலங்கியல். பாதிரியார் பிளாட்டர் என்ற பேராசிரியர்தான் அவருடைய ஆர்வத்தைப் பார்த்து விலங்கியல் படிக்கத் தூண்டியவர். 1918-ஆம் ஆண்டு டிசம்பரில் தெஹ்மினா என்ற பெண்மணியோடு சலீம் அலிக்குத் திருமணம் நடந்தது. பர்மாத் தொழில் பிறகு நொடித்துப் போனது.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

பறவைகளைப் பற்றி ஆராயும் வேலை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அப்படி ஒரு வேலை இருந்தது. ஆனால் முறையான பட்டம் இல்லாததால் அது சலீம் அலிக்குக் கிடைக்கவில்லை. பறவைகளைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தாலும் காகிதத்தில் பட்டம் வேண்டுமே!

அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. 1926-ஆம் ஆண்டு மும்பை அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களுக்கு உயிரினங்களைப் பற்றி விளக்கும் வேலையில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து விடுப்பு எடுத்துக் கொண்டு ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் என்ற புகழ்பெற்ற பறவை அறிஞர் இருந்தார். அவரைத்தான் சலீம் அலி கடைசி வரை தன் குருவாக மதித்தார். ஹெலிகோலாந்து என்ற தீவில், பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் முறையையும் அப்போதுதான் பழகினார்.

புதிய அறிவோடு 1930-ஆம் ஆண்டு ஊர் திரும்பினால், அங்கே ஓர் அதிர்ச்சி. பணம் இல்லை என்று சொல்லி அருங்காட்சியகம் அவருடைய வேலையையே எடுத்துவிட்டிருந்தது!

தூக்கணாங்குருவி சொன்ன ரகசியம்

கையில் வேலை இல்லை. மும்பையில் குடும்பம் நடத்தக் கட்டுபடியாகாது. சலீம் அலியும் தெஹ்மினாவும் கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். வீட்டருகே மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டிக் கொண்டிருந்தன. சலீம் அலி மறைவிடம் ஒன்று அமைத்துக் கொண்டு, மாதக்கணக்கில் அவற்றைக் கவனித்தார். அப்போது தெரிந்த விஷயம் மிகவும் சுவையானது.

கூடு கட்டுவது ஆண் குருவி. கூடு பாதி முடிந்திருக்கும்போது பெண் குருவிகள் வந்து பார்க்கும். நாம் புது வீடு பார்க்கப் போவது போலத்தான்! உள்ளே நுழைந்து, அலகால் இழுத்துப் பார்த்து, பிடித்திருந்தால் ஒரு பெண் குருவி அங்கே குடியேறும். பிடிக்காவிட்டால் திரும்பிப் பாராமல் போய்விடும். பெண் குடியேறிய பிறகுதான் ஆண் குருவி கீழே நீளும் குழாய் வாசலைக் கட்டி முடிக்கும். முட்டையிட்டு அடைகாப்பது பெண்ணின் வேலை. ஆண் குருவியோ அடுத்த கூட்டைக் கட்டக் கிளம்பிவிடும். அதற்கு இன்னொரு பெண் குருவி வரும்.

தூக்கணாங்குருவியை நம் நாட்டில் காலங்காலமாக எல்லாரும் பார்த்து வந்தார்கள். ஆனால் அதன் குடும்ப வாழ்க்கையை இப்படி முறையாகக் கவனித்து எழுதியவர் சலீம் அலிதான். இந்தக் கட்டுரை அவருக்கு நல்ல பெயரைத் தேடித் தந்தது. வேலை போயிருக்காவிட்டால் கிஹிமுக்குப் போயிருப்பாரோ, என்னவோ!

ஊர் ஊராகப் பறவைக் கணக்கு

அன்று இந்தியாவில் நிறைய சமஸ்தானங்கள் இருந்தன. அங்கெல்லாம் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று யாரும் ஒழுங்காகக் கணக்கெடுக்கவில்லை. தனக்குச் சம்பளமே வேண்டாம், பயணச் செலவைக் கொடுத்தால் போதும் என்று சொல்லி சலீம் அலி அந்த வேலையை எடுத்துக் கொண்டார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று ஒவ்வொரு சமஸ்தானமாகச் சுற்றினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நம் நீலகிரியில் உள்ள கோத்தகிரியிலும் சில மாதங்கள் தங்கினார்.

மாட்டு வண்டி, கூடாரம், காட்டுப் பாதை. தெஹ்மினாவும் கூடவே வந்தார். வசதியான வீட்டில் வளர்ந்த அவர், காட்டு வாழ்க்கையை முகம் சுளிக்காமல் ஏற்றுக் கொண்டார். 1939-ஆம் ஆண்டு, ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்து போனார். சலீம் அலி இடிந்து போனார். அக்கா வீட்டில் தங்கிக் கொண்டு, துக்கத்தை வேலையில் கரைத்தார்.

1941-ஆம் ஆண்டு இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. படங்களோடு, எளிமையான நடையில், யாரும் படித்துப் பறவையை அடையாளம் காணும்படி எழுதியிருந்தார். அந்த நூல் திரும்பத் திரும்பப் பல பதிப்புகள் கண்டது. பறவை பார்ப்பது அறிஞர்களுக்கு மட்டுமான வேலை என்ற நிலை மாறியது.

துப்பாக்கியை விட்டாரா?

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி எழலாம். மஞ்சள் தொண்டைச் சிட்டுக்குப் பிறகு சலீம் அலி துப்பாக்கியைத் தொடவே இல்லையா?

தொட்டார். அருங்காட்சியகங்களுக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் அவர் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தது உண்டு. ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களை வேறுபடுத்த அன்று வேறு வழி குறைவு. இன்று இருப்பது போலத் தொலைவிலிருந்து தெளிவாகப் படம் பிடிக்கும் கேமராக்கள் அப்போது கிடையாது. தேவைக்கு மட்டும், அளவோடு, ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதிச் சேகரிப்பது வேறு. பொழுதுபோக்குக்காகக் கொன்று குவிப்பது வேறு என்பது அவருடைய எண்ணம்.

கொன்று குவிப்பது என்றால் எப்படி? ராஜஸ்தானில் உள்ள பரத்பூர் ஏரியை எடுத்துக் கொள்ளுங்கள். அது மகாராஜாவின் வாத்து வேட்டைக்களம். 1938-ஆம் ஆண்டு வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது நடந்த வேட்டையில் ஒரே நாளில் 4273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. இந்தக் கணக்கை அங்கே கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த ஏரியைப் பறவைகளின் புகலிடமாக மாற்றப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் சலீம் அலி. 1982-ஆம் ஆண்டு அது தேசியப் பூங்கா ஆனது.

கேரளத்தில், நம் கோவைக்கு அருகில் உள்ள அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டை அணை கட்டி மூழ்கடிக்கத் திட்டம் வந்தபோதும் அவர் எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் காடு பிழைத்தது.

காலில் வளையம்

கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பறவைகள் வரும். எங்கிருந்து வருகின்றன? எங்கே போகின்றன? அதைக் கண்டுபிடிக்க, ஹெலிகோலாந்தில் பழகிய வித்தை கைகொடுத்தது. 1959-ஆம் ஆண்டு முதல் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பெரிய அளவில் பறவைகளுக்கு வளையம் மாட்டத் தொடங்கியது. சலீம் அலிதான் முன்னின்று நடத்தினார். கோடியக்கரையிலும் பரத்பூரிலும் முகாம்கள் நடந்தன.

வளையத்தில் ஓர் எண்ணும் கழகத்தின் பெயரும் இருக்கும். பறவையை வலையில் பிடித்து, எடை பார்த்து, அளந்து, வளையம் மாட்டிப் பறக்கவிட்டுவிடுவார்கள். வேறு நாட்டில் யாராவது அதைக் கண்டால் தகவல் அனுப்புவார்கள். அப்படித்தான், நம் ஊருக்கு வரும் சில பறவைகள் ரஷ்யாவின் சைபீரியா வரை போய் வருவது உறுதியானது. இங்கே வேட்டை உண்டு, பிடிப்பதும் உண்டு, ஆனால் பறவை உயிரோடு திரும்பிப் போகும்!

அறுபது வயதுக்குப் பிறகு ஆரம்பித்த வேலை

பலரும் ஓய்வெடுக்கும் வயதில், அமெரிக்கப் பறவை அறிஞர் டில்லன் ரிப்ளேயுடன் சேர்ந்து சலீம் அலி ஒரு மாபெரும் வேலையைத் தொடங்கினார். இந்தியத் துணைக்கண்டத்தின் எல்லாப் பறவைகளையும் பற்றிய 10 தொகுதி நூல் அது. 1968-ஆம் ஆண்டு முதல் தொகுதி வந்தது. 1974-ஆம் ஆண்டு பத்தாவது தொகுதி வந்தபோது அவருக்கு வயது 77!

அவருக்கு எல்லாமே வெற்றியாக முடிந்துவிடவில்லை. 1876-ஆம் ஆண்டுக்குப் பிறகு யார் கண்ணிலும் உறுதியாகப் படாத இமயமலைக் காடை ஒன்று உண்டு. அதைத் தேடி மலையேறிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஆனால் வெகுகாலம் காணாமல் போயிருந்த ஃபின் தூக்கணாங்குருவியை இமயமலை அடிவாரத்தில் மீண்டும் கண்டுபிடித்தார்.

மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குப் போனபோது தன் மோட்டார் சைக்கிளையும் கப்பலில் ஏற்றிக் கொண்டு போனார். ஐரோப்பாச் சாலைகளில் அதை ஓட்டிக் கொண்டே மாநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது வயது 53.

1958-ஆம் ஆண்டு பத்மபூஷண், 1976-ஆம் ஆண்டு பத்மவிபூஷண், 1985-ஆம் ஆண்டு மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி என்று பெருமைகள் தேடி வந்தன. பட்டம் இல்லை என்று ஒரு காலத்தில் வேலை கிடைக்காத அவருக்குப் பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் வழங்கின. ஒரு லட்சம் டாலர் பரிசு ஒன்று கிடைத்தபோது, அந்தப் பணத்தை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதியாக வைத்துவிட்டார்.

1987-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, 90-வது வயதில் சலீம் அலி காலமானார். அவருடைய பெயரில் 1990-ஆம் ஆண்டு ஒரு பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. எங்கே தெரியுமா? நம் கோவையை அடுத்த ஆனைகட்டியில்! தேனி மாவட்டத்து மலைகளில் கண்டுபிடிக்கப்பட்ட அரிய பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கும் அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

திருப்பூரில் ஒரு பறவை ஊர்

திருப்பூர் என்றால் பனியன், பின்னலாடை, சாயப்பட்டறை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஊத்துக்குளி சாலைப் பக்கம் போனால் நஞ்சராயன் குளம் என்று ஒரு பெரிய குளம் இருக்கிறது. நல்லாற்று நீர் வந்து சேரும் குளம். பரப்பு சுமார் 125 ஹெக்டேர். 190-க்கும் அதிகமான பறவை இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், நாமக்கோழி, தாழைக்கோழி எல்லாம் பார்க்கலாம். குளிர்காலத்தில் பட்டைத்தலை வாத்துகளும் வருவது உண்டு. மத்திய ஆசியாவில் இருந்து இமயமலையையே தாண்டிப் பறந்து வரும் வாத்துகள் அவை!

தொழில் வளர்ந்த ஊர்களில் தண்ணீருக்குச் சோதனை அதிகம். சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடு உங்கள் பெற்றோருக்குத் தெரியும். கழிவைச் சுத்திகரிக்காமல் வெளியே விட்ட ஆலைகளை மூடும்படி 2011-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஊரில், பறவை ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகக் கணக்கெடுத்துப் பாதுகாப்புக் கேட்ட குளம் இது. 2022-ஆம் ஆண்டு நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ஆம் ஆண்டு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது.

அந்த அங்கீகாரத்துக்கு எது உதவியது? யாரோ சிலர் விடியற்காலையில் எழுந்து போய், ஒவ்வொரு பறவையாக எண்ணி எழுதி வைத்த குறிப்புகள்தான்.

நீங்களும் தொடங்கலாமா?

இன்று பறவைகளை வேட்டையாடக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் கூட்டைக் கலைப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். உண்டிவில்லால் அடித்தாலும் அப்படித்தான். ஆனால் சலீம் அலி பர்மாக் காட்டில் பழகிய வித்தைகளை நீங்களும் பழகலாம். எப்படி?

* விடிந்த முதல் 2 மணி நேரம்தான் பறவை பார்க்க ஏற்ற நேரம். பெரியவர் ஒருவரோடு போங்கள். குளக்கரையில் தனியாக இறங்காதீர்கள்.

* பளிச்சென்ற சட்டை வேண்டாம். இலைப்பச்சை, மண் நிறம் நல்லது.

* பேச்சை நிறுத்துங்கள். ஓரிடத்தில் 15 நிமிடம் அசையாமல் உட்காருங்கள். பயந்து பறந்த பறவைகள் திரும்பி வருவதை நீங்களே பார்ப்பீர்கள்.

* பைனாகுலர் இல்லையென்றால் கவலை வேண்டாம். முதலில் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா? பிறகு அலகு, கால், வால், நிறம், குரல்.

* நோட்டில் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை, என்ன செய்து கொண்டிருந்தது என்பதை அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்றால் பாதி மறந்துவிடும்.

* பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். படம் வரைந்து, தெரிந்தவரிடம் கேளுங்கள். மாமாவும் மில்லார்டும் கிடைத்தது போல உங்களுக்கும் ஒருவர் கிடைப்பார்.

* கூட்டின் பக்கத்தில் போகாதீர்கள். தாய்ப்பறவை பயந்து கூட்டைக் கைவிட்டுவிடலாம்.

நவம்பர் 12-ஆம் தேதி சலீம் அலியின் பிறந்தநாள். நாடு முழுவதும் பறவை ஆர்வலர்கள் அன்று பறவை பார்க்கக் கிளம்புவார்கள். நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையே உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆரம்பிக்கலாம். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவியை எழுதுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு வரும் மைனாவை எழுதுங்கள். மரக்கிளையில் சாதாரணச் சிட்டுக்குருவி போல ஒன்று வந்து உட்கார்ந்தால், அவசரப்பட்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளாதீர்கள். அதன் தொண்டையில் மஞ்சள் பொட்டு இருக்கிறதா என்று ஒரு முறை நன்றாகப் பாருங்கள்!